என் வரியில் நின்ற நிரல்

ரோட்டர்டாம்,
ஞாயிறு, பூசை முடிந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

பெபிஷா எழுதுகிறேன். நான் நல்ல சுகம். உங்கள் தோள் வலி எப்படி இருக்கிறது? வலை இழுக்கப் போகாமல் இருக்கிறீர்களா? உண்மையை அம்மாவிடம் கேட்டுக்கொள்வேன்.

இந்த வாரம் ஒரு வேடிக்கை. அலுவலகத்தில் நானூறு பேரின் விவரங்கள் ஜேசன் என்ற வகைக் கணினிக் கோப்பு ஒன்றில் இருக்கின்றன. அதை என் நிரலுக்குள் கொண்டுவர, எது எழுத்தாக வரும், எது எண்ணாக வரும், எது கட்டாயம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஒன்று மாறி வந்தாலும் நிரல் நின்றுவிடும். நின்றது. தேடிப் பார்த்தால், குடும்பப் பெயர் இல்லாத ஒரே ஆள் நான்! அது கட்டாயம் என்று எழுதியவளும் நானேதான். இந்த ஊர் வழக்கம் கைக்கு அவ்வளவு பழகிவிட்டது.

"அப்பா பெயரை அங்கே போட்டுவிடு, இன்றைக்கே முடிந்துவிடும்" என்றார் மேலாளர். போட்டால் எல்லோரும் என்னைச் சகாயம் என்றே கூப்பிடுவார்கள். "ஏட்டி, எம்பேர வச்சு ஒன்ன விளிச்சா நான் எங்க போவேன்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுந்தது. மாட்டேன் என்றேன். குடும்பப் பெயர் இல்லாமலும் ஆள் இருக்கலாம் என்று நிரலைத் திருத்தினேன். நானூறு பேரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

அம்மாவிடம் சொல்லி நல்லமிளகு கொஞ்சம் அனுப்புங்கள். பார்சலில் என் பெயரை நீங்களே எழுதுங்கள். முன்னால் உங்கள் பெயரின் முதல் எழுத்தைப் போட மறக்க வேண்டாம். இங்கே அதை யாரும் போடுவதில்லை.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
எஸ். பெபிஷா