உமி அடுப்பில் ஆறு மணி நேரம்

கீழ்வேளூர்
ஜூன் 9

சூர்யபிரகாஷுக்கு,

பிரபு எழுதுவது. ஹூஸ்டனில் நலமாகத்தான் இருப்பாய். வாட்ஸ்அப்பில் என் செய்திகளுக்கு ஒற்றை டிக். போனை எடுப்பதில்லை. அதனால் மெயில்.

உன் வீடியோ பார்த்தேன். ‘வீட்டிலேயே மெக்சிகன் மாட்டிறைச்சி.’ பதினொரு நிமிடம். அதில் ஏழு நிமிடம் எங்கள் அம்மாவின் கைகள். முகம் ஒரு இடத்திலும் இல்லை. நன்றாக வெட்டியிருக்கிறாய். கறியை வெட்டியதைவிட நன்றாக.

யார் வீடு என்று மட்டும் சொல்லவில்லை.

ஏப்ரல் லீவில் பை நிறைய மெக்சிகோ மிளகாயோடு வந்தாய். உன் வீட்டு அடுப்பில் முட்டைகூட உடைக்க முடியாது என்றாய். எங்கள் அடுப்பில் எதையும் வைக்கலாம் என்ற நினைப்பு. தஞ்சாவூர் ஹாஸ்டலில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்ததால் நானும் தலையாட்டினேன். நாகப்பட்டினத்தில் கறிக்கடை மீரா உசேன் பாயிடம் மாட்டின் கன்னக் கறி கேட்டாய். “கன்னத்த மட்டும் யாரு தம்பி அறுத்துத் தருவா? தலையோட தூக்கிட்டுப் போங்க” என்றார். தோள்பட்டைக் கறியோடு திரும்பினோம்.

அம்மா குக்கரை எடுத்தாள். நீ தடுத்தாய். ஆறு மணி நேரம், சிறு தீ, கொதிக்கவே கூடாது. எங்களுக்கு மாட்டுக்கறி வேகவைக்கக் கற்றுத்தர ஹூஸ்டனிலிருந்து ஒருவன். அம்மா குக்கரைத் திரும்ப வைத்தாள். உமி அடுப்பைத் தட்டிச் சுத்தம் செய்தாள். நடுவில் கட்டையை நிறுத்தி, சுற்றிலும் உமியை இறுக்கித் திணித்து, கட்டையை உருவினாள். அந்தத் துளைக்குள் நெருப்பு சத்தமில்லாமல் கனன்றது. “செம டெக்னிக்” என்று போனை நீட்டினாய். உமி, உங்கள் ரைஸ்மில் உமி.

கறி நார்நாராகப் பிரிந்த நேரத்தில் உன் அப்பா வந்தார். உன் கார் எங்கள் தெருவில் நிற்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். பஞ்சநதம் ஐயா எங்கள் தெருவுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. வாசலில் நின்று துண்டால் மூக்கை மூடினார். “என்னடா வாடை இது?”

“தெரியலப்பா. இவங்க என்னமோ ஆக்குறாங்க. நான் சும்மா பிரபுவப் பாக்க வந்தேன்.”

உன் சட்டையில் மிளகாய் விழுது. கரண்டியை முதுகுக்குப் பின்னால் என் கையில் திணித்துவிட்டு அவர் பின்னாலேயே போனாய்.

சாயங்காலம் மெசேஜ். “மச்சான், எனக்குக் கொஞ்சம் எடுத்து வைடா. நாளைக்கு ட்ரெயின்ல சாப்புட்டுக்கறேன்.”

எடுத்து வைத்தோம். மயிலாடுதுறை ஸ்டேஷனில் உன் அப்பா வண்டி நிறுத்தப் போன ஐந்து நிமிடத்தில் தூக்குவாளியை உன்னிடம் கொடுத்தேன். என்னை நானே காறித் துப்ப வேண்டிய இடம் அது. வாளி திரும்பவில்லை.

இப்போது விஷயம். போன வாரம் உன் அப்பா ஆள் அனுப்பினார். நாங்கள் குத்தகைக்கு உழும் நாலு மா நிலம் இந்தக் குறுவைக்குக் கிடையாதாம். “என் பையனக் கூப்புட்டு வச்சு மாட்டுக்கறி போடப் பாத்த வீட்டுக்கு என் நிலம் எதுக்கு?” எங்கள் அப்பா காலத்திலிருந்து வாய்ப்பேச்சில் நடக்கும் குத்தகை. காகிதம் இல்லை. வேறு நிலமும் இல்லை.

உன் வீடியோவை அவருக்கு அனுப்பலாம். ஒரு நொடி வேலை. அம்மா விடவில்லை. “அவன் வாயால சொல்லட்டும்டா. நம்ம சொன்னா கோள் மூட்டுறதாப் போயிடும்.”

பன்னிரண்டாம் தேதி மேட்டூர் திறக்கிறார்கள். தண்ணீர் இந்தக் கடைமடைக்கு வருவதற்குள் நாற்றங்கால் உழுதாக வேண்டும். அதற்குள் உன் அப்பாவுக்கு ஒரு போன் செய். ‘கறி நான் வாங்கினது, நான்தான் ஆக்கச் சொன்னேன்.’ ஒரே வரி. பதினொரு நிமிடம் பேசியவனுக்கு முடியாதா? திட்டுவார். நாலு நாள் பேசமாட்டார். உன் பங்கு நிலம் எங்கேயும் போய்விடாது.

உன்மேல் மரியாதை ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் கேட்கிறேன். சொல்லிவிடு.

தூக்குவாளியைப் பற்றி எழுதாதே என்றாள் அம்மா. எழுதிவிட்டேன். நீ நன்றாக இருக்க வேண்டும் என்று எழுதச் சொன்னாள். அதையும் எழுதுகிறேன்.

நல்லா இரு.

பிரபு