சாக்கடை எல்லைக்கு அப்பால் ஒரு கிணறு

4-2-1957

பஞ்சாயத்து போர்டு கூட்டம், மூன்று மணி நேரம். பெங்களூர் ரோட்டில் ஊர் எல்லையோடு சாக்கடையும் நின்றுவிடுகிறது. அறுநூறு அடி நீட்டினால் கடலை எண்ணெய் மில் வரும், மில் வந்தால் கடைகள் வரும், லாரி ஆபீஸ் வரும். இதையே ஏழு மெம்பர்கள் ஏழு விதமாகச் சொன்னார்கள். மில் முதலாளி ஒரே வார்த்தையில் முடித்தார்: "கழிவுத் தண்ணி போக வழி இல்லேன்னா அத்திப்பள்ளியிலே போட்டுக்கறேன்." அது மைசூர் எல்லைக்குள். பிரசிடெண்டு நாராயணப்பனுக்கு வியர்த்துவிட்டது.

"ஓவர்சியரே, எத்தினி நாள்ல அளப்பே?"

மூன்று நாள் என்றேன். ஒரு வாரம் கேட்டிருக்கலாம். இவர்கள் பேசுகிற வேகத்தைப் பார்த்தால் எனக்குத் தாங்கவில்லை.

7-2-1957

அளந்தாயிற்று. ஊர்க்கோடியில் உள்ள சர்க்கார் மட்டக் கல்லை வைத்துத்தான் மற்ற எல்லா உயரமும் கணக்கு. அதற்கு மஞ்சள் பூசி, சுற்றி மேடை கட்டியிருக்கிறார்கள்! சுரண்டினேன், அம்புக்குறி தெரிந்தது. அளவுச் சங்கிலி பிடிக்கும் சென்றாயன், "சார், இந்தக் கல்லு வந்துங்க..." என்று இழுத்தான்.

"கதை வேண்டாம். கோலை நேராப் பிடி."

திரும்பவும் பழைய சாக்கடை வரை அளந்து சரிபார்ப்பது முறை. வெயில். பழைய பிளானில் அந்தச் சாக்கடையின் உயரம் இருக்கிறதே என்று அதையே எடுத்து எழுதிவிட்டேன். மேற்கே ஓடை வரை ஒன்றரை அடி சரிவு. போதும்.

28-3-1957

சேலம் ஜில்லா ஆபீஸிலிருந்து அனுமதி வந்துவிட்டது. என் பிளான், என் கையெழுத்து.

6-5-1957



ஓடையிலிருந்து ஒரு கும்பலும் பழைய சாக்கடையிலிருந்து ஒரு கும்பலும் தோண்டிக்கொண்டு வந்து இன்று நடுவில் சந்தித்தார்கள். சந்திக்கவில்லை. ஓடைப்பக்கக் குழி இரண்டடி மேலே நிற்கிறது. மண் சுமக்கும் சம்பங்கி கூடையை இறக்கிவிட்டுச் சிரித்தாள்: "என்ன சார், ரெண்டு குழிக்கும் சண்டையா? ஒண்ணு மூஞ்சியை ஒண்ணு பாக்க மாட்டேங்குது!"

சென்றாயனைக் கேட்டேன். "அதைத்தானுங்க அன்னைக்கே சொல்ல வந்தேன். கல்லுல சூலம் இருக்குதுன்னு பண்டிகைக்கு மேடை கட்டி, கல்லைப் பேத்துத் தூக்கி மேல வெச்சோமுங்க. ரெண்டடி இருக்கும்."

சூலம்! சர்க்கார் அம்புக்குறி அவர்களுக்குச் சூலம். மேடையைக் கல்லைச் சுற்றிக் கட்டினார்கள் என்று நினைத்தேனே தவிர, கல்லே மேடைமேல் ஏறியிருக்கும் என்று — ஏன் கேட்கவில்லை? ஒரு நிமிஷம் அவனைப் பேச விட்டிருந்தால்?

கல் இரண்டடி ஏறியதில், அதை வைத்து அளந்த ஓடை காகிதத்தில் இரண்டடி இறங்கிவிட்டது. காகிதத்தில் ஒன்றரை அடி சரிவு. நிலத்தில் அரை அடி ஏற்றம். ஓடைக்குத் தண்ணீர் போகாது.

7-5-1957

பிரசிடெண்டிடம் ஒளிக்காமல் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். பிளானை மேசையில் விரித்து, கிழக்கே விரலை வைத்தார்.

"இங்க பள்ளந்தானே?"

"அங்கே கீழ்த்தெரு இருக்கு. நாற்பது வீட்டுக்கும் ஒரே கிணறு. சாக்கடை கிணற்றுக்கு எண்பது அடியில் போய் விழும். கிணற்றுக்குள் ஊறும்."

"புதுக் கிணறு வெட்டித் தரேன், என் வாக்கு. நீ பிளான்ல கோட்டை மட்டும் இந்தப் பக்கம் திருப்பு."

முடியாது, சேலத்துக்கு உண்மையை எழுதுகிறேன் என்றேன்.

"எழுதேன். வேலை போவும். மில்லு அந்தப் பக்கம் போவும். அந்த மில்லுக்கு வேலைக்கு மனு குடுத்தவங்க யாரு? கீழ்த்தெருக்காரங்க. உனக்கு மாலையா போடப்போறாங்க?" அப்புறம் தணிந்த குரலில்: "தப்பு உன்னுதுப்பா. நான் வெளிய சொல்லல. நீயும் சொல்லாதே."

8-5-1957

கடிதம் எழுதினேன். கிழித்தேன்.

10-5-1957

வேலை நடக்கும் இடத்தில் தாகம் எடுத்தது. சம்பங்கி தன் குடத்திலிருந்து ஊற்றினாள். "எங்க கிணத்துத் தண்ணி சார். பருப்பு ஒரே கொதியில வெந்துரும்." "எங்க அண்ணன் மில்லுக்கு வேலைக்குப் போகப்போறான்" என்றும் சொன்னாள். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று உள்ளே கிடந்து அடித்துக்கொண்டது. எவன் முகத்துக்கு நேராகவும் பேசுகிறவன்டா நீ! இன்னும் ஒரு கை தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு வந்தேன்.

11-5-1957

திருத்திய பிளானில் கையெழுத்துப் போட்டேன். 'சிக்கனம் கருதி' என்று காரணம் காட்டியிருக்கிறது. வாசகம் பிரசிடெண்டுடையது.

15-9-1957

மில் திறந்தார்கள். நாதசுரம், சர்பத். சம்பங்கியின் அண்ணன் காக்கி டிராயரில் கேட்டருகே நின்று எனக்கு சலாம் போட்டான். எதிரே மூன்று கடைக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். போர்டு எனக்கு நன்றித் தீர்மானம் போட்டது.

புதுக் கிணறு? "அடுத்த கூட்டத்துல வெக்கலாம்."

22-10-1957

மழைக்குப் பிறகு கீழ்த்தெருவில் நான்கு குழந்தைகளுக்குக் கழிச்சல். பிளீச்சிங் பவுடர் வாங்கிக்கொண்டு ஓடினேன். கிணற்றில் கரைத்து ஊற்றினேன். காய்ச்சல் வராமலிருக்க மருந்து என்றேன். நம்பினார்கள். நம்பாவிட்டால் நன்றாக இருந்திருக்கும்.

23-10-1957

போட்டேன்.

24-10-1957

போட்டேன். குழந்தைகள் தேறிவிட்டார்கள்.

19-12-1957

கிருஷ்ணகிரி அணை வேலைக்கு மாற்றல் உத்தரவு. நிரந்தர உத்தியோகம். இந்த ஊரை விட்டுப் போக எத்தனை நாள் ஏங்கினேன்! காலை முழுவதும் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு, உடல்நிலை காரணமாக ஏற்க இயலவில்லை என்று பதில் எழுதித் தபாலில் சேர்த்தேன்.

திரும்பும் வழியில் கீழ்த்தெரு. வாளியில் தூளைக் கரைத்துக்கொண்டிருந்தபோது சம்பங்கி வந்தாள்.

"தினமும் நீங்களே வரணுமா சார்? எதுக்குப் போடறீங்கன்னு வெவரமா சொல்லிட்டா நாங்களே போட்டுக்குவோமே."

"உங்களுக்கு அளவு தெரியாது" என்றேன்.