ஈரலில் இருந்தது

காஜா பெராங், மலாக்கா
12 ஆகஸ்ட் 1957

பச்சை. வெறும் மஞ்சள் இல்லை, பச்சை கலந்த மஞ்சள். ஆறிப்போன கஞ்சி மாதிரி கெட்டி. சீழின் நிறத்தோடு நாற்றம் எப்படி என்றும் கேட்டிருக்கிறாய், அதை எழுத வார்த்தை தேடித்தான் இரண்டு நாளாகப் பேனாவைத் தொடவில்லை. கிடைக்கவில்லை. வளையல் இடுக்கில் அது இன்னும் இருப்பதுபோல் இருக்கிறது.

அன்பு மகன் கபீருக்கு அம்மாவின் சலாம். இங்கே எவருக்கும் காய்ச்சலோ வயிற்றுக் கோளாறோ இல்லை, அல்லாஹ் காப்பாற்றினான், சென்னையில் உன்னையும் அவன் அப்படியே வைத்திருக்க வேண்டும். நலம் என்பதற்கு இவ்வளவுதான் என்னால் எழுத முடிகிறது.

போன கடிதத்தில் பாதிதான் சொன்னேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஏழு வீடு சேர்ந்து பங்கு போட்டு, உன் அத்தா பார்த்து வாங்கிய எருமையை அறுத்தோம், ஒரு பங்கு உன் பெயரில், ஈரலில் சீழ்க்கட்டி இருந்தது என்று எழுதினேன். பிறகு நான் என்ன செய்தேன் என்று எழுதவில்லை. நீயும் கேட்கவில்லை. அறுப்பதற்கு முன் பள்ளிவாசல் மோதினார் வந்து எருமையின் கண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை, குர்பானிக்கு ஆகும் என்றார். வழக்கம்போல ஈரல் முதலில் என் கைக்கு வந்தது. அதை வாயில் வைத்த பிறகுதான் பசியாறுவது என்று ஏழு வீட்டாரும் முன்கூடத்தில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். கத்தியை வைத்தேன். தெறித்தது. முழங்கை வரை. அத்தா எட்டிப் பார்த்தார், அடுக்களைக் கதவைச் சாத்தினார். அந்த இடத்த அறுத்து எறி, மிச்சத்தக் கழுவு, மிளக அள்ளிப் போடு, சத்தம் காட்டாத புள்ள, மானம் போயிரும் என்றார். கழுவினேன். மூன்று தண்ணீர். மிளகை அள்ளிப் போட்டேன். எதிர்வீட்டு ஜமீலாவுக்கு அப்போது ஏழு மாதம், ரத்தம் போதாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதனால் அவள் தட்டில் இரண்டு துண்டு கூடுதலாகவே வைத்தேன். ஒங்க கைமணம் யாருக்கு வரும் லாத்தா, எனக்கு ஒங்கள மாதிரி மாமியா வாய்க்கலயே என்று அவள் தன் மாமியாரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும். என் பங்கை முந்தானையில் மறைத்துப் பின்னால் கொண்டுபோய்ப் பூனைக்குப் போட்டேன். அதைத்தான் எழுதாமல் விட்டேன்.

சீழ் வைக்கிற அந்தக் கிருமி நோயில்லாத மாட்டின் தொண்டையிலும் சும்மா குடியிருக்கும், ஒரு காயம் கிடைத்தால் போதும், உள்ளே இறங்கிவிடும், மனிதருக்கு வருவது மிக அபூர்வம், நன்றாக வெந்திருந்தால் பயப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தாய். உன் அத்தா கடைசி வரியை மட்டும் இரண்டு தரம் உரக்கப் படித்தார். பாத்தியா, ஒம் மவனே சொல்லிட்டான், மாட்டு டாக்டரப் பெத்தவளுக்கு என்னா பயம் என்று சிரித்தார். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ கிருமியைப் பற்றி எழுதினாய். எனக்குக் குமட்டுவது கிருமி இல்லை.

மாதக் கடைசியில் மெர்டேக்கா, வெள்ளைக்காரன் கொடி இறங்குகிறது. தெருவெங்கும் வெள்ளையடிக்கிறார்கள். அன்றைக்குத் தெரு முழுக்கச் சேர்ந்து கந்தூரி விருந்து, சின்னப் பிள்ளைகளே நாற்பதுக்கு மேல். பெருநாள் எருமை அவ்வளவு நன்றாக இருந்ததாம், அதனால் இதற்கும் உன் அத்தாவையே பிடிக்கச் சொன்னார்கள். ஆயர் குரோ பக்கம் போய் அதே ஆளிடம் வாங்கி வந்து ரம்புத்தான் மரத்தடியில் கட்டியிருக்கிறார். வண்டி இழுத்த எருமை. தோளில் சாக்கு போட்டிருக்கிறது. வெயிலுக்கு என்றார். எருமை நிற்பது நிழலில். நேற்று தண்ணீர் காட்டப் போனபோது சாக்கைத் தூக்கினேன். நுகம் அறுத்த புண், மேலே மஞ்சள் பூசி மூடியிருக்கிறது, அடியில் அரைத் தேங்காய் அளவு வீக்கம். விரலால் அழுத்தினேன். அதே நிறம். நீ கேட்ட அதே நாற்றம். சோப்புப் போட்டேன், புளி தேய்த்தேன், சாம்பல் தேய்த்தேன். கையைச் சோற்றில் வைக்க முடியவில்லை. அத்தாவிடம் சொன்னேன். அறுக்கும்போது செதுக்கிடலாம் என்கிறார். அவருக்கு இதில் ஒன்றுமே இல்லை. எனக்கும் பெருநாளன்று பரிமாறும்போது ஒன்றும் இல்லாமல்தானே இருந்தது.

உன்னிடம் யோசனை கேட்கவில்லை. உன் பதில் கப்பல் ஏறி வருவதற்குள் கந்தூரி முடிந்துவிடும்.

நீ அங்கே பிராணிகளை அறுத்துப் படிக்கும்போது கையில் சின்னக் கீறல் இருந்தாலும் தொடாதே, கையுறை கேட்டு வாங்கிக்கொள், வெட்கப்படாதே. ஹோட்டலில் ஈரல் சாப்பிடாதே. பஜ்ரு தொழுகையை விடாதே. உன் படிப்பிலும் கையிலும் ஆண்டவன் பரக்கத்தைத் தரட்டும். எனக்காகவும் துஆ செய், என்னவென்று உனக்குத் தெரியும்.

உன் அம்மா
நூர்ஜஹான்

பின்குறிப்பு: உறையை ஒட்டாமல் வைத்துவிட்டு ஜமீலா வீட்டுக்குப் போனேன். எல்லாம் சொன்னேன், பூனை வரைக்கும். அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அப்ப நீங்க திங்கல, அப்படித்தானே லாத்தா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு அவள் புருஷன் முகம்மதைக் கூட்டி வந்து, உன் அத்தா பார்த்துக்கொண்டு நிற்க, சாக்கைத் தூக்கிக் காட்டினேன்.