அச்சில் தெரிந்த வரி

வியாழன், நெய்யாற்றின்கரை.

கோட்டுகால் ஊர் மேரியின் கணவர், வேலை விசா இல்லாமல் வேலை செய்ததற்காக வெளிநாட்டுச் சிறையில் இருக்கிறார். அவரை மீன்பிடி வேலைக்கு அனுப்பிய நிறுவனம், தன் இணையப் பக்கத்தில் ஒரு எழுத்துப் பெட்டியின் அடி விளிம்பை, திரையில் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் நிரல் கொண்டு அலைபோல வெட்டியிருந்தது. "இது வேலை விசா அன்று" என்ற வரி அந்த வெட்டில் மறைந்துபோனது. அதுதான் எங்கள் வழக்கு.

அந்தப் பக்கத்தை அச்செடுத்து, உண்மை நகல் எனச் சான்றளித்துத் தாக்கல் செய்தவன் அவருடைய வக்கீலான நான். திரைக்கான அந்த அலங்காரம் அச்சில் வராததால் வெட்டு விழவில்லை. வரி முழுதாக இருக்கிறது. நான் கவனிக்கவில்லை. இன்று எதிர்த்தரப்பு வக்கீல் அதை உயர்த்திக் காட்டினார்: "உங்க பேப்பர்லயே உண்டல்லோ, சாரே!"

வெளியே வந்ததும் மேரி சொன்னார்: "போன்ல அந்த வரி இல்ல சாரே. நான் கண்டதாக்கும்."

நிறுவனம் இதற்குள் பக்கத்திலிருந்து அந்த அலை வெட்டை நீக்கிவிட்டது. மறைத்ததற்கு இனி மேரியின் கண் மட்டுமே சாட்சி. அதற்கு எதிராக என் கையெழுத்து.