ஆட்டுக் கொட்டிலில் ஒரு விருந்தாளி

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கடை முழங்கால் நோ குறைஞ்சிட்டுதோ? கூர் பட்டணத்துக்கு மேலை, இந்தச் சுவிஸ் மலையில நாங்கள் ரெண்டு பேரும் சுகம். எங்கடை ஆட்டுப்பால், எங்கடை கிழங்கு. கடைக்குப் போறதே குறைவு. மிளகாய்த்தூள் மட்டும் இடிச்சு அனுப்புங்கோ.

இவரின்ரை தமையன் ஜஸ்ரின், தன்ரை மகள் கோயில்ல முதல்நன்மை எடுத்த விருந்தில எங்களிலை ஆட்டு மணம் அடிக்குதெண்டு எழுப்பி, வாசலடி மேசைக்கு அனுப்பினவரெல்லோ? அவர் போன கிழமை நத்தார்ப் பண்டிகைக்குக் கிடாய் கேட்டு எங்களிட்டையே வந்தார். பனி கொட்டினதில திரும்பி இறங்கேலாமல் போச்சு. வயிறு நிறையச் சாப்பாடு குடுத்து, ஆட்டுக் கொட்டிலுக்கை படுக்கை விரிச்சன். அங்கைதான் குளிராதெண்டு சொன்னன். விடியப் போய்ப் பாத்தால், அவரின்ரை புதுக் கம்பளிக் கோட்டை ஆடு சப்பிக்கொண்டு நிண்டுது. நான் கலைக்கேல்லை.

பால் கறக்க நேரமாச்சு, நிப்பாட்டுறன். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, வீட்டுக்கை ஒரு அறை சும்மாதான் கிடந்தது. அது நீங்கள் வந்தால் படுக்கிறதுக்கு.

உங்கடை மகள்,
பிரஷாந்தி