குதிரையில்லாத் தேரும் எண்ணெய்க் கிண்ணமும்

நன்று விளைக. மழை வழுவாச் செம்பாறை நாட்டின் காவலன் கோ விறலோன், வடவெல்லைப் பாசறையிலிருந்து, தலைநகரில் நம் ஆணையைத் தாங்கி நிற்கும் பேரமைச்சர் நாகங்கண்ணர்க்கு விடுத்த ஓலை. நும் குடி நெடிது வாழ்க.

நும் ஓலை கண்டோம். நம் ஒரே மகன் ஆதன் குதிரையில்லாத் தேரோடு பேரேரியில் வீழ்ந்து மாண்டான் என்னும் வரியை மீண்டும் மீண்டும் படித்தோம். ஒரு முறையும் அது மாறவில்லை. அத்தேரைக் கடல் கடந்து கொணர்ந்த சாரதி கொற்றன் அதில் பேய் ஏற்றினான் என்று அவையோர் கூறுவதாகவும், வரும் முழுநிலா நாளில் அவனைக் கழுவேற்ற நம் இசைவு வேண்டுமென்றும் எழுதியிருந்தீர். அமைச்சரே, அதில் பேயுமில்லை, பிசாசுமில்லை. அத்தேரின் உள்ளுறுப்பெல்லாம் திறந்து நமக்குக் காட்டியவனே கொற்றன்தான்.

அதன் வயிற்றில் கல்லெண்ணெய் உண்டு. இரும்பு உரல்களுள் அது காற்றோடு கலந்து துளித்துளியாய் இறங்க, ஒரு பொறி அதைக் கொளுத்தும். வெடிக்கும் வேகத்தில் உரலுக்குள் இருக்கும் உலக்கை தள்ளப்படும். உலக்கைகள் மாறி மாறி ஏறியிறங்க, அவற்றோடு பிணைத்த தண்டு சுழலும். அச்சுழற்சியைப் பற்சக்கரங்கள் வாங்கி ஓடும் சக்கரங்களுக்குக் கொடுக்கும். ஓடுவதற்கு இவ்வளவு வேண்டும். நிற்பதற்கோ, சக்கரந்தோறும் நடுவில் ஓர் இரும்புத் தட்டும், மிதியை அழுத்தியதும் அத்தட்டை இருபுறமும் கவ்வும் கட்டைகளுமே உள்ளன. அங்கே எண்ணெய்க் கை படவே கூடாது, பட்டால் பிடி வழுக்கிவிடும் என்று கொற்றன் நமக்குப் பலகால் சொல்லியிருந்தான்.

நும் ஓலையில் மங்கலச் செய்தியாய் நீர் எழுதிய வரி ஒன்று உண்டு. தேரேறிப் புறப்படுவோர்க்கு இல்லக்கிழத்தி சக்கரத்தில் எண்ணெய் வார்த்து விடைகொடுக்கும் நம் குலவழக்கின்படி, கோப்பெருந்தேவியார் தம் கையால் நான்கு சக்கரங்களின் நடுவிலும் கிண்ணம் கிண்ணமாய் வார்த்து மகனை வாழ்த்தினார் என்பதே அது. நம் மரத்தேருக்கு அது நன்மை. ஏரிக்கரைச் சரிவில் ஆதன் மிதியை மிதித்திருப்பான். மிதித்துக்கொண்டே இருந்திருப்பான். ஐயோ, அமைச்சரே, பிள்ளை என்ன நினைத்திருப்பானோ.

கரையில் காத்திருந்து, நீரில் பாய்ந்து அவனை எடுத்தவன் கொற்றன். எண்ணெய் வார்த்த செய்தியை அவையில் கேட்டதும் தலை கவிழ்ந்து, பிழை தன்னுடையதே என்று மட்டும் மொழிந்தானாம். நீர் அதைக் குற்றத்தின் ஒப்புதலாகக் கொண்டீர். அவன் எதிரே அமர்ந்திருந்த தேவியாரின் முகத்தைப் பார்த்து வாய் மூடிக்கொண்டான், அவ்வளவே.

நீருக்கடியில் இரு விளக்குகள் எரிவதாகக் காவலர் அஞ்சுகின்றனராம். மின்னலைச் சேர்த்து வைக்கும் பெட்டி ஒன்று அத்தேரில் உண்டு. அது தீரும்வரை விளக்கு எரியும், பின் அணையும். இதற்குள் அணைந்திருக்க வேண்டும். ஆயினும், ஏரியே இல்லாத இப்பாசறையில், அந்தி சாய்ந்ததும் கூடார வாயிலில் அவ்விரு விளக்குகளும் நமக்குத் தெரிகின்றன. வாளுக்கு அஞ்சாத நாம் அவற்றுக்கு அஞ்சுகிறோம்.

ஆதலின் நம் ஆணை இது. கொற்றனை இன்றே விடுவித்து, துணை தந்து அவன் நாட்டிற்கு அனுப்புக. தேரை நீரிலிருந்து எடுக்க வேண்டா. எடுத்தால் எண்ணெய்ப் பிசுக்கு காட்டிக்கொடுக்கும். உள்ளே குழாய் ஒன்று அறுந்ததே காரணம் என்று பறையறைக. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. ஆயினும் உண்மை அந்தப்புரத்தை எட்டலாகாது. படித்ததும் இவ்வோலையை எரித்துவிடுக.

எழுத்தன் அறியாது யாமே எழுதி, காளை பொறித்த நம் ஏற்றிலச்சினை இட்டோம். போர் முடிந்து திரும்பி, நாம் மறுபடி தேரேறும் நாளில், அரசியார் எண்ணெய்க் கிண்ணத்தோடு நம் சக்கரத்தருகே வருவார். நாம் ஒன்றும் சொல்லாமல் நின்று, அவரை வார்க்க விடுவோம்.