கோஸ் தோட்டத்து முகவரி

திருத்தணி,
27-4-2009, திங்கட்கிழமை.

ப்ளெஸ்ஸி அப்பாவுக்கு ரெபேக்காள் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் உங்கள் மகளும் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகத்தை விசாரித்துத்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்குவேன். இன்றைக்கு மனசு வரவில்லை. அவ்வளவு கோபத்தில் இருக்கிறேன்.

இந்தக் கடிதம், நீங்கள் எப்போதும் எழுதச் சொல்கிற நாகராஜன் அண்ணன் அறை முகவரிக்குப் போகாமல் நேராக உங்கள் கைக்கே வந்திருக்கும். கவரின் மேல் கொரிய எழுத்தில் முகவரி எழுதியது நம் ப்ளெஸ்ஸி. எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன். போனைப் பாதியில் வைத்ததுபோல இதையும் பாதியில் மடித்து வைக்காதீர்கள்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்த வாரம் அவள் போனில் உங்களிடம் என்ன கேட்டாள்? நகையா, செல்போனா? சென்னையில் கொரிய கலாசார விழா நடக்கப் போகிறது, பாட்டுப் போட்டி வைக்கிறார்கள், நானும் சாய்லக்ஷ்மியும் போய்வருகிறோம் நைனா என்றாள். நீங்கள் இருக்கிற நாட்டின் பாட்டு, நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று நம்பி எனக்கும் முன்னால் உங்களிடம் சொன்னாள். நீங்கள் கத்தியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "அந்த ஊர்ப் பாட்டு, அந்த ஊர்ப் பேச்சு, எதுவும் என் வீட்ல இருக்கக்கூடாது. மீறிப் போனேன்னா உங்கூடப் பேசவே மாட்டேன்" என்றீர்கள். இன்றோடு நாலு வாரம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று பிள்ளை போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டாள்.

அந்தப் பயணத்துக்கு இரண்டு பேரும் போட்ட திட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு நோட்டு. காலையில் எந்த ரயில், சென்ட்ரலில் எந்தப் பக்கம் ரோட்டைக் கடப்பது, எந்த பஸ், ஹாலில் பெயர் கொடுக்க எத்தனை மணிக்குள் போக வேண்டும், மத்தியானம் கொரியக்காரர்களின் மளிகைக் கடைக்குப் போய் என்னென்ன பார்ப்பது, இருட்டுவதற்குள் வீடு திரும்ப எந்த ரயில் என்று எல்லாம் எழுதி, ரயில் தவறினால் என்ன செய்வது என்றும் எழுதியிருந்தார்கள். பஜாரில் இருக்கிற பிரவுசிங் சென்டரில் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு முதலில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். அது போதவில்லை என்று அந்த எழுத்தையே கற்றுக்கொண்டாள். எழுத்து அட்டவணையைச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டிவைத்து, குழம்பு கொதிப்பதற்குள் நாலு எழுத்து, சோறு வடிப்பதற்குள் நாலு எழுத்து என்று படித்தாள். அந்த ஊர்ப் பிள்ளைகளும் அப்பாவை அப்பா என்றே கூப்பிடுவார்களாம். அதைக் கண்டுபிடித்த அன்று வீட்டை இரண்டாக்கிவிட்டாள்.

நீங்கள் சும்மா இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. உங்கள் அண்ணனுக்குப் போன் போட்டு எங்களைக் கண்காணிக்கச் சொன்னீர்கள். யோபு மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைவரை வந்தார். "தம்பி அங்க கப்பல்ல வெல்டிங் அடிச்சிகினு கஸ்டப்படறான். இது இங்க ஆட்டம் பாட்டம்னு மெட்ராஸ் கெளம்புதா?" என்று அலமாரிக் கதவில் இருந்த தாளைக் கிழித்துப்போட்டார். அதோடு விட்டாரா? சபைக் கமிட்டியில் செயலாளராக இருக்கிறாரே, ஈஸ்டர் பாடகர் குழுவிலிருந்து பிள்ளையை எடுத்துவிட்டார். ஏழு வயதிலிருந்து அந்தக் குழுவில் பாடுகிறவள் கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனை என்று ஒரு மூப்பராவது கேட்கவில்லை.

சாய்லக்ஷ்மியின் அப்பா சந்திரமௌலி மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிறவர் என்று உங்களுக்குத் தெரியும். அவர் மறுப்பார் என்று நினைத்துத்தான் பேசப் போனேன். "பாட்டுப் பாடத்தானே போறா? நீங்களும் கூடப் போங்கோ, எனக்குக் கவலை இல்லை" என்று சொல்லி, மூன்று பேருக்கும் வழியில் சாப்பிடப் புளியோதரை கட்டிக்கொடுத்தார். அன்றைக்கு எனக்கு உங்கள்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

ஆகவே நானே கூட்டிக்கொண்டு போனேன். சத்துணவுக் கூடத்தை என்னோடு சமைக்கிற பூவம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு, சனிக்கிழமை காலை ரயிலில் மூன்று பேரும் போனோம். வேண்டுமானால் என்னோடும் பேசாமல் இருங்கள்.

ஹாலில் நல்ல கூட்டம். பெரும்பாலும் சென்னைப் பிள்ளைகள், எல்லோருக்கும் தலைமுடியில் ஒரு கலர். நம் பிள்ளை எண்ணெய் வைத்துப் பின்னிய சடையோடு மேடை ஏறினாள். மைக் பிடித்திருந்த பையன் ஊரைக் கேட்டுவிட்டு, "திருத்தணியா? மொட்டை அடிக்கிற ஊராச்சே! அங்க யாரும்மா உனக்குக் கொரியன் பாட்டு சொல்லிக்குடுத்தது?" என்றான். ஹாலே சிரித்தது. எனக்கு எழுந்துபோய் அந்த மைக்கைப் பிடுங்க வேண்டும்போல் இருந்தது. அவளோ அவன் முடிக்கும்வரை காத்திருந்து, "நானே கத்துக்கினேங்க" என்று சொல்லிவிட்டுப் பாட ஆரம்பித்தாள். சாய்லக்ஷ்மி பின்னால் நின்று ஆடினாள். சிரித்தவர்கள் பாதிப் பாட்டில் கைதட்டத் தொடங்கினார்கள். பரிசு கிடைக்கவில்லை. கிடைத்த மாதிரிதான் கீழே இறங்கி வந்தாள்.

அங்கே ஒரு கொரிய டீச்சரம்மா, வந்தவர்களின் பெயர்களை அவர்கள் எழுத்தில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ப்ளெஸ்ஸி அவரிடம் போனாள். பெயர் எழுதச் சொல்லவில்லை. பையிலிருந்து ஓர் அட்டைத் துண்டை எடுத்து நீட்டினாள். போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் பார்சல் அனுப்பிய பெட்டியில் வெட்டியது. அச்சடித்த பக்கம் உள்ளே போகும்படி பெட்டியைத் திருப்பி ஒட்டியிருந்தீர்களே, அதே பெட்டி. எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும் பிள்ளை அதைப் படித்திருக்கிறாள். தப்பாகப் படிக்கிறோமோ என்ற சந்தேகத்தில் இத்தனை நாளும் அதைப் பற்றி என்னிடம் வாயே திறக்கவில்லை. விழாவுக்குப் போக அவள் அப்படித் துடித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று அங்கே வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது.

டீச்சரம்மா படித்தார். மலைக் கோஸ், இன்ன தோட்டம், இன்ன மாவட்டம் என்றார். அங்கே கப்பல் கட்டுகிறார்களா என்று ப்ளெஸ்ஸி கேட்டாள். அங்கே கடலே கிடையாது, நாலு பக்கமும் மலை, ஏப்ரலில்கூடச் சில நாள் பனி விழும் என்றார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். வெளிநாட்டு ஆட்கள் நிறையப் பேர் அந்தத் தோட்டங்களில் வேலை செய்கிறார்களாம், வயல் ஓரத்தில் பிளாஸ்டிக் கூடாரத்தில் தங்குவார்களாம், விசா முடிந்துபோனவர்கள் வெளியே தலைகாட்டவே பயப்படுவார்களாம்.

திரும்பி வரும்போது திருவாலங்காடு தாண்டும்வரை அந்த அட்டைத் துண்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் ரயில் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

இப்போது சொல்லுங்கள். எத்தனை வருஷமாக இந்தப் பொய்? கப்பல் முன்னால் நின்று எடுத்த படத்தை ஃபிரேம் போட்டு மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் காட்டினேனே, என்னை என்னவென்று நினைத்தீர்கள்? இரண்டு வருஷத்துக்கு முன் உங்கள் அம்மாவை அடக்கம் செய்தபோது கம்பெனியில் லீவு இல்லை என்றீர்கள். பெற்ற தாய்க்கு வராத மகன் என்று சபை முழுக்கப் பேசியது. அத்தனையையும் கேட்டுக்கொண்டு, நானும் உள்ளுக்குள் உங்களைத் திட்டினேன். வர முடியாமல் அந்தக் குளிரில் தனியாக உட்கார்ந்து அழுதீர்களா? அதைக்கூட எனக்குச் சொல்லாமல் மறைத்தீர்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கோஸ் வெட்டுவது கேவலமா? தினம் நூற்றைம்பது பிள்ளைகளுக்குக் காய் நறுக்கிச் சமைத்துப் போடுகிற இடத்தில் நிற்கிறவள் நான். கோஸ் விளைவிக்கிறவரைப் பார்த்து நானா வெட்கப்படுவேன்? உங்கள் பயத்தை மூடிவைக்கப் பிள்ளையின் பாட்டை நிறுத்தப் பார்த்தீர்கள். அவள் அந்த மொழியைப் படித்தது உங்களிடம் குற்றம் கண்டுபிடிக்க இல்லை. நீங்கள் தினமும் கேட்கிற பேச்சு தன் காதிலும் விழட்டும் என்று படித்தாள்.

விஷயம் யோபு மாமாவுக்குத் தெரியாது. நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் நேற்று ஆராதனை முடிந்ததும் அவரை வாசலில் நிறுத்தி, அடுத்த ஞாயிறு ப்ளெஸ்ஸி பாடாவிட்டால் நான் கமிட்டி முன்னால் வந்து பேசுவேன் என்று சொல்லிவிட்டேன். "ஆங், பாடட்டும் பாடட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

விசா முடிந்தவர்கள் தாங்களாகவே போய்ச் சொன்னால் ஊருக்கு அனுப்பிவைக்கிற வழி இருக்கலாம், விசாரித்துச் சொல்கிறேன் என்று டீச்சரம்மா ப்ளெஸ்ஸியிடம் தன் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறார். அதை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவரிடம் பேசுங்கள். அதற்கு முன்னால் உங்கள் மகளிடம் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்க வேண்டாம்.

சாமான் எதுவும் வாங்க வேண்டாம். போட்டிருக்கிற சட்டையோடு வாருங்கள். ஊர் என்ன கேட்டாலும் பதில் சொல்ல நான் இருக்கிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்களைக் கையோடு கூட்டிவந்து எங்களிடம் சேர்க்கட்டும்.

கோபம் தீராத,
உங்கள் ரெபேக்காள்.

பி.கு.: பின்பக்கம் நம்பருக்குக் கீழே கொரிய எழுத்தில் இரண்டு வரி ப்ளெஸ்ஸி எழுதியிருக்கிறாள். என்னவென்று எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறாள். உங்களுக்குப் படிக்க வராவிட்டால், தோட்டத்தில் பக்கத்தில் நிற்கிறவர் யாரிடமாவது கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.